காயம்பட்டவனுக்கு ஒரு விமானம்

பர்மா காட்டில் சிதறிக் கிடந்த சிறு அணிகளை ஆகாயத்திலிருந்து தாங்கிப்பிடித்த சிண்டிட் போர்களின் கதை

1943 ஏப்ரல் கடைசி வாரம். வட பர்மாவின் காட்டுக்குள் ஒரு வெட்டவெளி. சுற்றிலும் ஜப்பானிய ராணுவம். உணவு மூட்டைகளோடு விழுந்த பாராசூட்டுகளின் துணியைத் தரையில் விரித்து, 'விமானம் இங்கே இறங்கட்டும்' என்று மேலிருந்து படிக்கும்படி ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்துகளாக அடுக்கினார்கள் ஒரு பிரிட்டிஷ் அணியின் வீரர்கள். அவர்களில் பலரால் நடக்க முடியவில்லை. காயம், மலேரியா, வயிற்றுக்கடுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் பட்டினி. இந்திய எல்லையோ இன்னும் பல நாள் நடைத் தூரத்தில் இருந்தது.

ஏப்ரல் 28 அன்று அந்த வெளியில் ஒரு டகோட்டா விமானம் இறங்கியது. ஓட்டியவர் 31-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த மைக்கேல் விளாஸ்டோ. ஓடுதளம் கிடையாது, மேடுபள்ளமான புல்தரைதான். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்பதும் தெரியாது. நடக்க முடியாத 17 பேரை ஏற்றிக்கொண்டு விமானம் மேலேறிவிட்டது. மற்றவர்கள் நடையைத் தொடர்ந்தார்கள்.

இரண்டாம் உலகப்போரின் பெரிய கணக்கில் இது ஒரு சின்னச் சம்பவம். ஆனால் சிறு அணிகளைச் சிதறவிட்டுப் போரிடும் முறையைப் பற்றி யோசிக்கிற எவரும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். எதிரியின் முதுகுப்பக்கம் போகிறவர்களுக்குச் சாப்பாடும் தோட்டாவும் அனுப்பிவிட்டால் போதுமா? அவர்களைத் திரும்பக் கொண்டுவரவும் வழி வைத்திருக்க வேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஒரே படை, ஒரே காட்டில், பதினாறு மாதத்துக்குள் மூன்று விதமாகப் பதில் சொன்னது.

ஏழு வீட்டுக்கு ஒரு கிணறு

1942-ல் பர்மா விழுந்தபோது பிரிட்டிஷ் ராணுவம் சாலையைக் கட்டிக்கொண்டு போரிட்டது. லாரி, பீரங்கி, ஆம்புலன்ஸ், சமையல்கூடம் எல்லாம் சாலையில். ஜப்பானியர் காட்டைச் சுற்றிக்கொண்டு வந்து பின்னால் சாலையை மறிப்பார்கள். முன்னால் நிற்கும் படை பின்வாங்கும். இதே நாடகம் ரங்கூனிலிருந்து மணிப்பூர் எல்லைவரை நடந்தது. வாழ்ந்த ஊரை விட்டு லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம், குழந்தை குட்டிகளோடு தமு வழியாக இம்பாலுக்கு நடந்த அதே மலைப்பாதையில்தான் அந்த ராணுவமும் நடந்தது.

சாலையைத்தானே அறுக்கிறான், நமக்குச் சாலையே வேண்டாம் என்றார் ஆர்ட் வின்கேட் என்ற பிரிகேடியர். முரட்டு மனிதர், மேலதிகாரிகளில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. 77-ஆம் இந்திய பிரிகேடை ஏழு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் சுமார் 400 பேர், நூறு கோவேறு கழுதைகள். லிவர்பூல் பட்டாளத்தின் பிரிட்டிஷ்காரர்கள், கூர்க்காக்கள், பர்மா ரைஃபிள்ஸின் கரென், கச்சின், சின் வீரர்கள். பகோடா வாசலில் காவல் நிற்கும் சிங்க உருவத்தின் பெயரிலிருந்து சிண்டிட் என்ற பெயர் அவர்களுக்குப் பிறகு வந்தது.

கழுதை முதுகில் ஏறக்கூடிய மார்ட்டரும் இயந்திரத் துப்பாக்கியும்தான் ஓர் அணிக்குச் சொந்தம். பீரங்கி, உணவுக் கிடங்கு, மருத்துவமனை எதுவும் கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் பதிலாக விமானங்கள் இருந்தன; அவையோ எல்லா அணிகளுக்கும் பொது. ஏழு வீட்டுக்கு ஒரு கிணறு, கயிறு மட்டும் வீட்டுக்கு வீடு. அந்தக் கயிறுதான் வயர்லெஸ் பெட்டி.

ஒவ்வோர் அணியிலும் விமானப்படை அதிகாரி ஒருவர் காலாட்படையோடு கூடவே நடந்தார். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எந்த வெளியில் மூட்டை போடலாம், எந்தத் திசையிலிருந்து தாழ்ந்து வரலாம், தீயை எப்படி மூட்டி அடையாளம் காட்டலாம் என்பது மேலே பறந்து பழகியவனுக்குத்தான் தெரியும். கீழே இருப்பவன் கேட்பதை மேலே இருப்பவனின் பாஷையில் சொல்ல, மேலே இருந்த ஒருவனே கீழே இறங்கி நடந்தான். கனமான வயர்லெஸ், அதன் பேட்டரிகள், பேட்டரியை ஏற்றும் சிறிய இயந்திரம் எல்லாம் கழுதை மேல். ஆற்றில் அந்தக் கழுதை அடித்துச் செல்லப்பட்டால் அணிக்கு வாய் போயிற்று; வாய் போனால் வயிறும் போயிற்று.

ரகசியக் குறியீட்டில் பட்டியல் அகர்தலாவுக்குப் போகும். இத்தனை பேருக்கு உணவு, இத்தனை ஜோடி பூட்ஸ், மூக்குக்கண்ணாடி, கழுதைக்குத் தானியம். அங்கே மூட்டை கட்டுவார்கள். உடையக்கூடியது பாராசூட்டில் இறங்கும். தானியத்தை இரட்டைச் சாக்கில் கட்டி அப்படியே தள்ளிவிடுவார்கள்; அது தலையில் விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டான். விமானத்தின் இரைச்சலை எதிரியும் கேட்பான். ஆகவே மூட்டை வந்ததும் அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். வேகம்தான் கவசம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட படை, சாப்பிடுவதற்காக அவ்வப்போது ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டியிருந்தது. இந்த முரண்பாட்டை வின்கேட்டால் கடைசிவரை தீர்க்க முடியவில்லை.

ஷ்வேலி ஆற்றின் மணல்திட்டு

1943 பிப்ரவரியில் சிண்ட்வின் ஆற்றைக் கடந்தார்கள். கூடவே நடக்கவிருந்த மற்றத் தாக்குதல்கள் கைவிடப்பட்டிருந்தன. ஆனாலும் தளபதி வேவல் இம்பாலுக்கே வந்து, போக விரும்பிய வின்கேட்டை அனுமதித்தார். மார்ச் 6 அன்று மைக் கால்வர்ட்டின் அணி நான்கான் பக்கத்தில் ரயில்பாதையைப் பல இடங்களில் தகர்த்தது. பெர்னார்ட் ஃபெர்குசனின் அணி போன்சௌங்கில் பாலத்தை வெடிவைத்து வீழ்த்தியது.

அதன்பிறகு ஐராவதியைக் கடந்ததுதான் வினை. ஐராவதிக்கும் ஷ்வேலிக்கும் நடுவில் வறண்ட காடு, குறைந்த தண்ணீர், நிறைய ஜப்பானியர். விமானங்கள் வந்து திரும்பக்கூடிய தூரத்தின் விளிம்புக்கு அவர்கள் போயிருந்தார்கள். ஐந்து நாள் உணவை இன்னும் அதிக நாளுக்கு இழுத்தார்கள். பிஸ்கட், பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, தேயிலை. பிறகு கழுதையையே அடித்துத் தின்றார்கள். மார்ச் கடைசியில் திரும்பிவரச் சொல்லி உத்தரவு வந்தது. சிறு சிறு குழுக்களாகக் கலைந்து வெவ்வேறு வழிகளில் திரும்பினார்கள். கலைந்தபோது வயர்லெஸ் இருந்த குழு பிழைத்தது. இல்லாத குழு கிராமத்துச் சோற்றை நம்பி நடந்தது. அந்தச் சோற்றைக் கொடுத்த கச்சின் குடும்பங்கள் பின்னால் ஜப்பானியரிடம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்த ராணுவக் கணக்கும் முழுதாக எழுதவில்லை. பொதுவான சப்ளை என்று பேசும்போது நாம் மறக்கும் கிடங்கு அந்த மூங்கில் குடிசைகள்.

நடக்க முடியாத காயக்காரனை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கிளம்பும் முன்பே எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஷ்வேலி ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டில் ஃபெர்குசனின் ஆட்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாட்டிக்கொண்டார்கள். மீதி ஆற்றைக் கடக்க அவர்களுக்குத் தெம்பில்லை. விடிந்தால் எதிரி வந்துவிடுவான். மற்றவர்களைக் காப்பாற்ற அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நடக்கச் சொன்னார் ஃபெர்குசன். அந்த முடிவின் பாரம் தன்னை விட்டு நீங்கவே இல்லை என்பதை அவர் எழுதிய புத்தகத்தைப் படிக்கிறவர் உணர்வார்.

போனவர்கள் சுமார் 3,000. திரும்பியவர்கள் 2,182. திரும்பியவர்களிலும் சுமார் 600 பேர் மறுபடி போர்முனைக்கு உதவாத உடம்போடு வந்தார்கள். ரயில்பாதையைச் சில வாரங்களில் ஜப்பானியர் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் காட்டில் பிரிட்டிஷ்காரனாலும் இந்தியனாலும் சண்டை போட முடியும் என்று உலகம் பேசியது. இடையில் அந்த 17 பேரை ஏற்றிய டகோட்டாவின் கதையும் பரவியது. வெட்டவெளியில் விமானம் இறங்குமென்றால், இறக்கவும் செய்யலாம், ஏற்றவும் செய்யலாம் அல்லவா?

நூறு சிட்டுக்குருவிகள்

அதே ஆண்டு ஆகஸ்டில் சர்ச்சில் வின்கேட்டைக் கியூபெக் மாநாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே வின்கேட் அமெரிக்கர்களிடம் கேட்டவற்றில் முதன்மையானது, காயம்பட்டவர்களைத் தூக்கிவரச் சிறு விமானங்கள். அமெரிக்க விமானப்படைத் தலைவர் ஆர்னால்ட் அதற்கும் மேலாகவே கொடுத்தார். ஃபிலிப் காக்ரன், ஜான் அலிசன் தலைமையில் முதலாம் ஏர் கமாண்டோ என்ற தனிப்படை உருவானது. சுமார் 30 மஸ்டாங் சண்டை விமானங்கள், மூக்கில் 75 மி.மீ. பீரங்கி பொருத்திய 12 மிட்செல் குண்டுவீச்சு விமானங்கள், 13 டகோட்டாக்கள், 150 கிளைடர்கள். இவற்றோடு எல்-1, எல்-5 என்ற இலகு விமானங்கள் சுமார் நூறு. ஒரு வயல்வெளி இருந்தால் போதும், அவை இறங்கி ஏறிவிடும்.

1944 மார்ச் 5 மாலை. அசாமில் லாலாகாட் ஓடுதளத்தில் கிளைடர்கள் வரிசையில் நின்றன. விளாஸ்டோ முந்தைய ஆண்டு இறங்கிய அதே வெளிக்கு இப்போது 'பிக்காடிலி' என்று பெயர். இறங்க வேண்டிய இடங்களில் அது ஒன்று. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பு வந்த புகைப்படத்தில் வெளி முழுக்க மரத்தடிகள் கிடந்தன. எதிரிக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பயம். விளாஸ்டோவின் விமானம் நின்ற படம் அமெரிக்கப் பத்திரிகையில் வந்திருந்தது வேறு. உண்மையில் அவை பர்மிய மரம்வெட்டிகள் காயப்போட்ட தேக்குத் தடிகள் என்று பின்னால் தெரிந்தது. எல்லோரும் 'பிராட்வே' என்ற இன்னொரு வெளிக்குத் திருப்பிவிடப்பட்டார்கள்.

ஒவ்வொரு டகோட்டாவும் இரண்டிரண்டு கிளைடர்களை இழுத்தது. மலைகளுக்கு மேல் கயிறுகள் அறுந்தன. பிராட்வேயிலும் புல்லுக்குள் மரத்தடிகளும் பள்ளங்களும் மறைந்திருந்தன; முதலில் இறங்கிய கிளைடர் சிதறிக் கிடக்க, அதன் மேல் அடுத்தது வந்து மோதியது. சுமார் முப்பது பேர் செத்தார்கள். ஆனால் மறுநாள் ஒரு சின்ன புல்டோசரை வைத்துத் தரையைச் சமன்செய்து, அன்று இரவே டகோட்டாக்களை இறக்கினார்கள். ஒரு வாரத்துக்குள் சுமார் 9,000 பேரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளும் ஜப்பானியரின் முதுகுப்பக்கத்தில் இருந்தார்கள். சத்தம் போடாதிருக்கக் கழுதைகளின் குரல்நாணை அறுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படைக்கு உழைத்து ஏராளமாகச் செத்த ஜீவன்கள் அவை.

கால்வர்ட் மாவ்லு அருகே ரயிலையும் சாலையையும் மறித்து உட்கார்ந்தார். மரமெல்லாம் பாராசூட் தொங்கியதால் அந்த இடம் 'ஒயிட் சிட்டி' ஆனது. விமானங்களே எல்லோருக்கும் பொதுவான பீரங்கியானால் எப்படியிருக்கும் என்பதை அங்கேதான் பார்க்க முடிந்தது. எதிரி கூடும் இடத்தின் மேல் கீழிருப்பவர்கள் மார்ட்டரால் புகைக்குண்டு போடுவார்கள். காலாட்படையோடு பதுங்குகுழியில் இருக்கும் விமானப்படை அதிகாரி, புகைக்கு வடக்கே இத்தனை கஜம் என்று ரேடியோவில் சொல்லுவார். மஸ்டாங்குகள் வந்து கொட்டிவிட்டுப் போகும். பகலில் இது அற்புதமாக நடந்தது. இரவில் விமானம் வராது என்பதைக் கண்டுகொண்ட ஜப்பானியர் இரவு இரவாகத் தாக்கினார்கள். ஆகவே 25-பவுண்டர் பீரங்கிகளையும் போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் விமானத்திலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். ஆகாயத்தை நம்பிய படை, ஆகாயம் கண்ணை மூடும் நேரத்துக்கு ஒரு மாற்று வைத்துக்கொண்டது. அதனால்தான் ஒயிட் சிட்டி விழவே இல்லை. ஆணை வந்து தாங்களாகக் காலிசெய்யும்வரை நின்றது.

காயக்காரர்களின் கதை இப்போது வேறு. முந்தைய ஆண்டு கையில் ஒரு குப்பித் தண்ணீரோடு மரத்தடியில் விடப்பட்டவனை, இந்த ஆண்டு எல்-5 தூக்கிக்கொண்டு பெரிய ஓடுதளத்தில் சேர்த்தது. அங்கிருந்து டகோட்டா இந்திய மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ஒருமுறை அப்படிப்பட்ட சிறு விமானமே மூன்று காயக்காரர்களோடு காட்டுக்குள் விழுந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் விமானி, ஒரே ஒரு பயணியை மட்டும் ஏற்றக்கூடிய ஒய்ஆர்-4 ஹெலிகாப்டரில் போய், ஒருவர் ஒருவராக, விழுந்த விமானத்தின் விமானி உட்பட நான்கு பேரையும் இரண்டு நாளில் மீட்டார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் ஆளை மீட்டது அதுதான் உலகிலேயே முதல்முறை.

அந்தச் சிறு விமானங்கள் எத்தனை உயிரைக் காத்தன என்பதைவிட, இன்னும் அடிபடாதவனுக்கு அவை என்ன செய்தன என்பது பெரிய விஷயம். தனக்கு நாளை ஏதாவது ஆனால் வந்து எடுப்பார்கள் என்று தெரிந்தவன் வேறு மாதிரி சண்டை போடுவான்.

மழை வந்தது

மார்ச் 24 அன்று வின்கேட் பறந்த மிட்செல் விமானம் மணிப்பூரில் பிஷ்ணுபூர் அருகே மலையில் மோதியது, யாரும் பிழைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் படையை வடக்கே நகர்த்தி, அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லின் கீழ் கொண்டுவந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஜான் மாஸ்டர்ஸின் 111-ஆம் பிரிகேட், ஹோபின் பக்கத்தில் 'பிளாக்பூல்' என்ற புதிய மறிப்பை அமைத்தது.

எல்லாம் ஒயிட் சிட்டி மாதிரிதான், மூன்றைத் தவிர. அந்த இடம் ஜப்பானியரின் முன்வரிசைக்கு மிக அருகில் இருந்ததால் அவர்களுடைய பெரிய பீரங்கிகளுக்கு எட்டியது. விமான எதிர்ப்புப் பீரங்கியையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். பருவமழையும் பிடித்துக்கொண்டது. மேகம் இறங்கி மலையை மூடியது. ஓடுதளம் எதிரியின் கைக்குப் போனது. ஷெல் தீர்ந்தது, உணவு தீர்ந்தது. மே 25 அன்று பிளாக்பூலைக் கைவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போகவே முடியாத நிலையில் 19 பேர் கிடந்தார்கள். எதிரியின் கையில் உயிரோடு விட்டுப்போக மனமில்லாமல், மாஸ்டர்ஸின் உத்தரவின்பேரில் சொந்த மருத்துவக் குழுவினரே அவர்களைச் சுட்டுக்கொன்றார்கள். மாஸ்டர்ஸ் இதை மறைக்காமல் தன் நூலில் எழுதியிருக்கிறார்.

அவரைக் குற்றவாளி என்று என்னால் சொல்ல முடியாது. குற்றம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வைத்த திட்டத்தில் இருந்தது. நகர்வதற்காகப் பயிற்றுவிக்கப்பட்ட இலகு படையை, கனமான பீரங்கிக்கு எதிரே, பருவமழை தெரிந்தே வருகிற நாளில், ஒரே ஓர் ஓடுதளத்தை நம்பி உட்கார வைத்தார்கள். வானம் தரும் துணைக்கு ஒரு காலண்டர் உண்டு. அதைத் தலைமையகத்தில் யாரும் மதிக்கவில்லை.

தப்பித்தவர்கள் காயக்காரர்களைச் சுமந்துகொண்டு சேற்றில் இந்தோஜி ஏரிக்குப் போனார்கள். அங்கே ஓடுதளம் அமைக்க வழியில்லை. ஏரி இருக்கிறதே என்று யாருக்கோ தோன்றியது. இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல தளத்திலிருந்த 230-ஆம் ஸ்குவாட்ரனின் இரண்டு சண்டர்லேண்ட் கடல் விமானங்களை வரவழைத்தார்கள். நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல் மேல் பறப்பதற்கான அந்தப் பெரிய விமானங்கள், பிரம்மபுத்திரா நதியிலிருந்து கிளம்பி, மழைமேகத்துக்குள் மலைகளைத் தாண்டி ஏரியில் இறங்கின. ஜூன் முழுக்கப் பறந்து ஐநூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டன. இந்தப் போரில் நான் படித்தவற்றில் மனித மூளையின் ஆகச் சிறந்த செயல் இதுதான்.

ஜூன் 26 அன்று கால்வர்ட்டின் ஆட்கள் பெரும் இழப்போடு, சீனத் துருப்புகளின் துணையுடன், மொகௌங் ஊரைப் பிடித்தார்கள். இலகு ஆயுதக்காரர்கள் அரண்செய்த ஊரை நேருக்கு நேர் தாக்க வேண்டியிருந்தது. சில நாளுக்கென்று தயாரித்த கே-ரேஷன் பொட்டலங்களை மாதக்கணக்கில் தின்று அவர்கள் எலும்பாகியிருந்தார்கள். மாஸ்டர்ஸின் பிரிகேடை மருத்துவர்கள் சோதித்தபோது, சுமார் 2,200 பேரில் போருக்குத் தகுதியானவர்கள் 118 பேர்.

பாதிப் பாடம் படித்தவர்

வின்கேட்டின் முதல் பயணத்தை உன்னிப்பாகக் கவனித்த ஜப்பானியத் தளபதி ஒருவர் இருந்தார்: முதாகுச்சி ரென்யா. மலையையும் ஆற்றையும் தாண்டி ஒரு படை வர முடியுமென்றால் நாமும் போகலாம் என்று அவர் முடிவெடுத்தார். 1944 மார்ச்சில் மூன்று டிவிஷன்களை இம்பாலையும் கோகிமாவையும் நோக்கி அனுப்பினார். சுமார் மூன்று வாரத்துக்கான உணவு. கூடவே ஓட்டிச்செல்ல மாடுகள். மிச்சத்தைப் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

கிடங்குகள் கிடைக்கவில்லை. மாடுகள் ஆற்றில் போயின. கோகிமாவில் 31-ஆம் டிவிஷனின் தளபதி சாட்டோ, சாப்பாடும் குண்டும் வராததால் மேலிட உத்தரவை மீறித் தன் படையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அந்தப் படையெடுப்பில் மாண்ட ஜப்பானியர்களில் பெரும்பாலோர் நோயிலும் பசியிலும் மாண்டார்கள். அதேநேரம், சுற்றிவளைக்கப்பட்ட இம்பால் டகோட்டாக்களில் வந்த அரிசியிலும் குண்டிலும் மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. வின்கேட்டின் கால்களைப் பார்த்த முதாகுச்சி, அவர் தலைக்கு மேல் பறந்ததைப் பார்க்கவில்லை.

பதினான்காம் ராணுவத்தின் தளபதி ஸ்லிம் சிண்டிட்களைப் பற்றிப் பின்னால் கறாராகவே எழுதினார். தனிப்படைகள் நல்ல ஆட்களை உறிஞ்சிக்கொள்கின்றன, செலவுக்கேற்ற பலன் தருவதில்லை என்பது அவர் கட்சி. அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் சோதித்த முறையை எடுத்துத் தன் முழு ராணுவத்துக்கும் பொருத்தியவரும் அவர்தான். பாராசூட் பட்டுக்குப் பஞ்சம் வந்தபோது, கல்கத்தாவின் சணல் ஆலைக்காரர்களிடம் பேசிச் சணலிலேயே பாராசூட் செய்ய வைத்தார். சணல் பாராசூட்டில் ஆளை இறக்க முடியாது, அரிசியை இறக்கலாம். 1945-ல் அவருடைய டிவிஷன்கள் ரங்கூனை நோக்கி இறங்கியபோது பெருமளவு ஆகாயத்திலிருந்துதான் சாப்பிட்டன. சிண்டிட் படை அதே ஆண்டு கலைக்கப்பட்டது.

இன்று சியாச்சின் பனியில் சில பேர் மட்டும் நிற்கும் காவல்நிலைகளுக்கு 1984-லிருந்து சீட்டா ஹெலிகாப்டர்கள் மண்ணெண்ணெய்யும் உணவும் கொண்டுபோகின்றன. நுரையீரலில் நீர் கோத்தவனை அதே ஹெலிகாப்டர்தான் கீழே இறக்குகிறது. உக்ரைன் போரிலோ நிலைமை மறுபடியும் 1943 பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பதுங்குகுழிக்கு ட்ரோன் தண்ணீர் போடுகிறது, பேட்டரி போடுகிறது, எதிரி மேல் குண்டும் போடுகிறது. ஆனால் காயம்பட்டவனைத் தூக்க வரும் வண்டியை எதிரியின் ட்ரோன் மேலிருந்து வேட்டையாடுகிறது. சில இடங்களில் காயக்காரன் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கிறான். ஆளை ஏற்றிக்கொண்டு வர, தூரத்திலிருந்து இயக்கப்படும் தரை ரோபோக்களை இரு தரப்பும் பயன்படுத்துகின்றன. சிறு அணிகளைப் பற்றிப் புதிய கோட்பாடுகளை எழுதும் ராணுவங்கள், எத்தனை டன் உள்ளே அனுப்பலாம் என்ற கணக்கை முதல் பக்கத்தில் போடுகின்றன. எத்தனை பேரை எத்தனை மணி நேரத்தில் வெளியே எடுக்கலாம் என்ற கணக்கும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அது நிரம்பாமல் எந்த அணியையும் ஆற்றைக் கடக்கச் சொல்லக் கூடாது.